பாம்பன் கடலில் கரகாட்டக் கப்பல் வேண்டாம், தம்பி



கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கைகூப்பும் பொம்மை போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன் விடுமுறைக்குத் துருக்கி போயிருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும் அவனுக்கு, அது போதும் அடையாளம். இஸ்தான்புல் நகரத்தில் பொஸ்போரஸ் நீரிணையில் மாலை நேரக் கப்பல். ஒரு பக்கம் ஐரோப்பா, ஒரு பக்கம் ஆசியா, நடுவில் விளக்குப் போட்ட பாலம். மேசையில் சுட்ட மீன். தட்டுகளுக்கு நடுவே வெள்ளைப் பாவாடை அங்கியும் உயரமான தொப்பியுமாக ஒருவர் சுழன்று சுழன்று ஆடுகிறார். அவர் முடித்ததும் இடுப்பாட்டம். அதற்கப்புறம் எல்லோரும் கைகோத்து ஆட்டம்.

வீடியோவுக்குக் கீழே அவன் எழுதியது இது: "டீச்சர், நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து நம்ம ஊர்ல இதே மாதிரி பண்ணப் போறோம். சாயங்காலம் அஞ்சரைக்கு ஏத்துனா எட்டு மணிக்கு இறக்கி விட்டுரலாம். பாம்பன் பாலம், சூரிய அஸ்தமனம், மேல்தளத்துல கரகாட்டம், ஒயிலாட்டம், கீழ்த்தளத்துல பஃபே. சங்கத்துல இருக்கிற படகுக்காரங்க எல்லாம் நீங்க படிக்க வச்ச பிள்ளைங்கதானே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

அதற்கு நீங்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறீர்கள். என் தம்பி மகளும் "சூப்பர் ஐடியா அத்தை" என்று எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான் அல்லவா, அந்த வார்த்தைகள்தான் இவை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இது நடக்காத கதை என்று நான் சொல்லவில்லை. 2022இல் மத்திய துறைமுக அமைச்சகம் தமிழ்நாட்டில் நான்கு மிதவைப் படகுத்துறைகளுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. அதில் இரண்டு நம் தீவுக்கு: அக்னி தீர்த்தம், வில்லூண்டி தீர்த்தம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, அதைப் படகிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிற கூட்டமும் கூடிவிட்டது. இவன் விடாவிட்டால் இன்னொருவன் விடுவான். அதனால்தான் இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

அந்த வெள்ளை அங்கிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஆடியது ஆட்டமே கிடையாது. செமா என்று பெயர். கவிஞர் ரூமி 1273இல் கொன்யா என்ற ஊரில் காலமானபின் அவர் வழிவந்த மெவ்லவி என்ற சூஃபி மார்க்கத்தார் நடத்தும் வழிபாடு அது. உயரமான தொப்பி கல்லறைக் கல்லைக் குறிக்கிறது. கறுப்பு மேலங்கியைக் கழற்றிப் போடுவது இந்த உலகப் பற்றைக் கழற்றுவது. வலது கை மேலே, இடது கை கீழே: மேலிருந்து வாங்கிக் கீழே கொடுப்பதாக அர்த்தம். புல்லாங்குழல் போன்ற நெய் என்ற கருவி கூடவே ஒலிக்கும். நான்கு பகுதிகளாக நடக்கும். 1925இல் துருக்கி அரசு சூஃபி மடங்களை எல்லாம் மூடியது. பிற்பாடு செமா மறுபடி வெளியே வந்தபோது பெரும்பாலும் மேடைக் காட்சியாகத்தான் வந்தது. 2008இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த அதே யுனெஸ்கோதான், சுற்றுலாப் பயணிகளுக்காக இது சுருக்கப்பட்டு எளிமையாக்கப்பட்டுவிட்டது என்றும் எழுதி வைத்திருக்கிறது.

நம் பிள்ளை எடுத்த வீடியோவில் அது நான்கு நிமிடம் ஓடியது. பக்கத்து மேசைக்காரர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்குத்தானே காசு கொடுத்து வந்தார். முன்னால் நடப்பது ஒருவருடைய பிரார்த்தனை என்று அவருக்கு யார் சொன்னது?

நானும் இப்படிப்பட்ட படகில் ஏறியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்ற வருடம் எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஆறு பேர் சேர்ந்து கோவா போனோம். பனாஜியில் மாண்டவி ஆற்றில் மாலைப் படகு, ஒரு மணி நேரம். ஃபுக்டி என்று பெண்கள் வட்டமாகச் சுற்றி ஆடினார்கள், நம் கும்மிக்கு அக்காள் தங்கை மாதிரி. பார்க்கவே ஆசையாக இருந்தது. இரண்டாவது சுற்று வருவதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் "குழந்தைகள் மேடைக்கு வாங்க" என்றார். சினிமாப் பாட்டு. பிறகு "கணவன் மனைவிகள் மட்டும் வாங்க." மறுபடி சினிமாப் பாட்டு. நடுவில் போர்த்துக்கீசிய ஆட்டம் ஒன்று, கொரிதிஞ்ஞோ என்றார்கள். அதுவும் ஐந்து நிமிடம். ஆடி முடித்த பெண்கள் ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த படகுக்கும் அவர்கள்தான் ஆட வேண்டும். நான் கோவாவைப் பற்றி அன்றைக்குக் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. ஆற்றுக் காற்று மட்டும் நன்றாக இருந்தது.

அந்த மாண்டவி ஆறு. அது ஆறு, தம்பி! நம்முடையது கடல். பாம்பனுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் உன் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை அடிக்கிற மாதங்களில் பெண் கடலும் பத்ரகாளி ஆகும். அதற்கேற்றாற்போல் நம் ஆட்கள் நாட்டுப்படகை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். பாலத்துக்கு அடியில் ஓடுகிற நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று படகுக்காரனுக்குத் தெரியும். பஃபே தட்டு வைத்திருப்பவருக்குத் தெரியுமா?

இந்த லட்சணத்தில் மேல்தளத்தில் கரகாட்டம் வேறு. தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு ஆடுகிற பெண்ணுக்குத் தரை அசையாமல் இருக்க வேண்டும் என்பதுகூட உங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லையே! இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் சிரித்தார்.

சிரிப்பு போகட்டும். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தில் தானூரில் மாலை நேரச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் நிறையப் பேர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மேல்தளம் போட்டு மாற்றியமைத்த படகு, அளவுக்கு மேல் ஆட்கள், இருட்டும் நேரம். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் 45 பேர். அது அசையாத ஏரித் தண்ணீர். 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காட்டில் 22 பேர். "எங்கள் படகில் லைஃப் ஜாக்கெட் இருக்கும் டீச்சர்" என்பாய். இருக்கும். யானையோ மயிலோ தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள், கரகாட்டக்காரி வந்தால் ஓட மாட்டார்களா?

இனி கலைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். இங்கேதான் நானே கொஞ்சம் தடுமாறவும் செய்தேன்.

முதுகுளத்தூர்ப் பக்கம் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரில் படித்த ஒரு பையன் இன்று நையாண்டி மேளத்தில் தவில் வாசிக்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது வயதாகப் போகிறது. உன் வீடியோ வந்த அன்று இரவு அவனுக்குத்தான் போன் செய்தேன். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டாங்க டீச்சர்" என்றான். நாயனம், தவில், பம்பை, தமுக்கு, இரண்டு கரகாட்டப் பெண்கள், மொத்தம் எட்டுப் பேர். விருந்தினர் சாப்பிடும் நேரத்தில் பத்து நிமிடம் வாசிக்கச் சொன்னார்கள். தவில் சத்தம் அதிகமாக இருக்கிறது, பேச முடியவில்லை என்று மேலாளர் வந்து மெதுவாக வாசிக்கச் சொன்னாராம். மெதுவாக வாசிக்கிற தவிலை நான் கேட்டதில்லை. அப்புறம் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துப் பின்வாசல் வழியாக வண்டி ஏற்றிவிட்டார்கள்.

நான் கொதித்துப் போய், "இனிமேல் அந்த மாதிரி இடத்துக்குப் போகாதே" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா எனக்குப் பங்குனியிலேர்ந்து ஆடி வரைக்கும்தான் கச்சேரி. மத்த மாசம் சித்தாள் வேலைக்குப் போறேன். அன்னைக்குப் பத்து நிமிஷத்துக்குக் கொடுத்த காசு, கோயில் கொடைல விடிய விடிய வாசிச்சாக் கிடைக்கிறதுல பாதி. கூப்பிட்டா இப்பவும் போவேன்."

மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்குகிற எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். அவன் கேட்பது காசு. அது நியாயம். கரகாட்டத்திலேயே சக்திக் கரகம் வேறு, ஆட்டக் கரகம் வேறு. சக்திக் கரகம் அம்மனுக்கு, விரதம் இருந்து எடுப்பது. ஆட்டக் கரகம் ஊர் பார்த்து மகிழ்வதற்கு, அதற்குக் காசு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆகவே கலையை விற்காதே என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் அதை முழுசாக வாங்கு என்கிறேன். ஒயிலாட்டத்தை எடுத்துக்கொள். கையில் கைக்குட்டை, காலில் சலங்கை, ஒரே வரிசை. வாத்தியார் பாட்டை எடுத்துக் கொடுக்க மெதுவாகத் தொடங்கி, வள்ளி திருமணமோ ராமாயணமோ கதை போகப் போக வேகம் ஏறும். அந்த வேகம் ஏறுவதில்தான் ஆட்டமே இருக்கிறது. பத்து நிமிடத்தில் நிறுத்தினால் நீ காட்டுவது ஆட்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்வதை மட்டும்தான். முழு ஆட்டத்துக்கு முழுக் கூலி கொடு. பத்து நிமிடத் துண்டுக்குப் பாதிக் கூலி கொடுத்துவிட்டுப் "பாரம்பரியம்" என்று பலகை மாட்டாதே.

கரையில் போடு. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பூங்காக்களிலும் தெருக்களிலும்தானே ஆடினார்கள்? சென்னைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கவில்லையா? ராமேஸ்வரத்துக்கு வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடி முடித்துவிட்டு, மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் சங்கு பாசிமணிக் கடைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒரு திடல், நல்ல விளக்கு, உட்கார இடம், ஒரு மணி நேரம் முழு ஆட்டம், ஆட்டக்காரர்களுக்கு உடை மாற்ற ஓர் அறை, எல்லோரும் உட்காருகிற அதே பந்தியில் சாப்பாடு. கப்பல் வாங்குகிற முதலில் கால்வாசி ஆகுமா இதற்கு? நீதான் கணக்குப் படித்தவன், சொல்.

கடலிலேயே பாட்டு வேண்டும் என்றால், கடலுக்கென்று பாட்டு இருந்தது. அம்பா. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவது. அது கேட்பதற்கான பாட்டே கிடையாது, இழுப்பதற்கான பாட்டு. எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழுவதற்காகப் பிறந்தது. எஞ்சின் வந்ததும் படகில் அது போய்விட்டது. தனுஷ்கோடியில் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள், ஆணும் பெண்ணுமாக. அங்கே வெயில் தாழ நின்று பார்த்தால், வயதானவர் யாராவது இருந்தால், ஒன்றிரண்டு அடி காதில் விழலாம். அதைச் சீருடை மாட்டிக் கப்பலில் பாட வைத்தால், கையில் கயிறு இல்லாமல் எதை இழுத்துப் பாடுவார்கள்?

இந்தக் கடலில் மாலைக் கப்பல் ஒன்று முன்பே ஓடியது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே வருடம் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் தொடங்கியது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனது. பயணிகள் ரயில் ஒன்று நூறு பேருக்கு மேல் ஆட்களோடு கடலுக்குள் போனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். 1980களின் தொடக்கம் வரை அது ஓடியது. ராமானுஜம் கப்பல் என்போம். என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அதனால் சிறுமியாக இருந்தபோது இரண்டு மூன்று தடவை துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை உழைத்தவர்களை இங்கே அனுப்பிக்கொண்டிருந்த காலம். நம் ஊர் வெயிலில் குழந்தைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தகரப் பெட்டி, அம்மிக்கல்கூடக் கொண்டு வந்திருந்தாள் ஒருத்தி. ஒரு கிழவி பெட்டி மேல் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். யாரும் சாகவில்லை. அவர்களை மண்டபம் முகாமுக்கு ஏற்றிப் போனார்கள். "சூரிய அஸ்தமனம்" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் துறைமுக மாலைதான். இதை வைத்து நான் வழக்காட வரவில்லை, வயதானவளுக்கு வருகிற நினைவு என்று விட்டுவிடு.

ஆனால் இதை விடாதே: மாலை நேரம் இந்தக் கடலில் சும்மா இருக்கிற நேரம் என்று எண்ணியிருக்கிறாய். விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி நடக்கிற கடல் இது. அந்தி சாயும்போது வலை போட்டிருப்பார்கள். உன் கப்பலின் காற்றாடி வலையை அறுத்தால் யார் கொடுப்பார்? தெற்கே 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தை, மாசி, பங்குனியில் தனுஷ்கோடி மணலில் ஆமை முட்டையிட வரும். குஞ்சு பொரித்தால் வெளிச்சம் இருக்கிற பக்கம் நகரும். கடல்தான் வெளிச்சம் என்று பிறவியிலேயே அதற்குப் பாடம். உன் கலர் விளக்கு அதற்கு என்ன பாடம் நடத்தும்?

அப்படியானால் படகே கூடாதா என்று கேட்பாய். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு இருக்கிறது, போயிருக்கிறாயா? நம் மாவட்டம்தான். வனத்துறையும் அந்த மீனவ ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். ஓட்டுகிறவர் அந்த ஊர்க்காரர், எந்த மரம் என்ன பறவை என்று அவரே சொல்வார். கரைக்கு வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. நான் போன வருடம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து மூன்று நாள் அவள் நாரையைப் பற்றியே பேசினாள். இஸ்தான்புல் கப்பல் எனக்கு எதைக் காட்டவில்லையோ அதைக் காரங்காட்டுப் படகு காட்டியது: அந்தத் தண்ணீரில் பிழைக்கிறவர் யார் என்று.

நீ சொன்னபடி சங்கத்துப் பிள்ளைகளிடம் நான் பேசத்தான் செய்தேன். உன் திட்டத்தை ஒன்று விடாமல் சொன்னேன், என் கோபத்தைக் கலக்காமல். நான்கு பேர் வந்திருந்தார்கள், நான்கு பேரும் என்னிடம் அடி வாங்கியவர்கள். அவர்கள் கேட்டது மூன்று கேள்வி. படகு யார் பெயரில் இருக்கும், சங்கத்தின் பெயரிலா, உங்கள் மூன்று பேர் பெயரிலா? ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை 61 நாள், அந்த நாட்களில் விசைப்படகுத் தொழிலாளிகளுக்கு இதில் வேலை உண்டா, உண்டென்றால் தட்டு எடுக்கிற வேலையா, சுக்கான் பிடிக்கிற வேலையா? காற்று எழும்பினால் இன்றைக்குப் படகு இல்லை என்று சொல்கிற அதிகாரம் யாருக்கு, டிக்கெட் விற்றவனுக்கா, படகோட்டிக்கா?

ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதிலை அதற்கு முன்னால் எழுதி அனுப்பு. குரல் பதிவு வேண்டாம், எழுத்தில் அனுப்பு, அவர்களுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் அதையும் சேர்த்துத்தான் வாசிப்பேன்.